மூக்கை நம்பிய லாரிகள்

என் மேஜை இழுப்பறையில் வாயு அளக்கும் மீட்டர் ஒன்று மூன்று வருஷம் தூங்கியது. அரசாங்கம் கொடுத்த நல்ல மீட்டர். ஒருமுறை தணிக்கைக்கு ஆள் வந்தபோது உறையைப் பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன். எனக்கு எதற்கு மீட்டர்? முகத்துக்கு நடுவில் கடவுள் ஒன்று கொடுத்திருந்தார். அதற்குச் சார்ஜ் போடவும் வேண்டாம்.

ஆபத்தான சரக்கு ஏற்றிவரும் வண்டிகளைச் சோதிப்பது என் வேலை. டெல்லியின் வடக்கு எல்லையில், நெடுஞ்சாலை ஓரமாக எங்கள் சாவடி. பெட்ரோல், சமையல் எரிவாயு, அமிலம், குளோரின் என்று வருவதெல்லாம் அங்கே நின்றுவிட்டுத்தான் ஊருக்குள் போக வேண்டும். ஓட்டுநருக்கு அதற்கான பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா, வண்டியில் அபாயப் பலகை மாட்டியிருக்கிறதா, தீயணைப்பான் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்ப்போம். சரக்கு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்த அட்டை ஒன்று ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் சாமி படத்துக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும். அதற்கு ஒரு வசவு. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கசிவு. அதைத்தான் நான் மூக்கால் பார்த்தேன்.

வண்டிக்குப் பத்தடி தள்ளி, அதன் மேல் பட்டு வருகிற காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பேன். கண்ணை மூடி ஒரு மூச்சு. அவ்வளவுதான். அமில டிரம் ஏற்றி வந்த ஒரு வண்டியில், ஏறிப் பார்க்காமலே, பின் வரிசையில் ஒரு மூடி சரியில்லை என்று சொன்னேன். ஏறிப் பார்த்தவர்கள் இறங்கி வந்து என்னைக் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து நான் அந்தச் சாலையில் 'நாக் சாப்' ஆனேன். ஹிந்தியில் நாக் என்றால் மூக்கு, சாப் என்றால் ஐயா. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் வந்து சொன்னேன். நானும் என் மனைவியும் சாத்தூர்ப் பக்கம். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "அவுக மூக்குனு நெனச்சுச் சொல்லியிருக்காக. ஒங்களுக்கு நாக்குதான் நீளம்னு அவுகளுக்குத் தெரியாது பாருங்க" என்றாள்.

மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு வண்டிக்குக் கால் மணி ஆகும். என் மூக்குக்கு ஒரு நிமிஷம். அதனால் ஓட்டுநர்கள் என் ஷிஃப்டைக் கேட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். நான் "டீக் ஹை", எல்லாம் சரி, என்று கையைக் காட்டினால் வண்டி கிளம்பிவிடும். அந்த இரண்டு சொல்லுக்கு இருந்த மரியாதையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஹரியானாக்காரர். என் வயதுதான் இருக்கும், ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. பெரிய மீசை, சின்னக் குரல். வாரம் இரண்டு முறை குளோரின் ஏற்றி வருவார். ஆளை விடப் பெரிய மஞ்சள் சிலிண்டர்கள் ஆறு, லாரியில் படுத்த மாதிரி கட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு டன் குளோரின் இருக்கும். டெல்லிக்காரர்கள் குழாயைத் திறந்து குடிக்கிற தண்ணீரைச் சுத்தம் செய்ய அது வேண்டும். அதே குளோரின் வெளியே கசிந்தால் நுரையீரலைப் பொசுக்கிவிடும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். சாலையில் உயரமான ஆட்களைவிடக் குழந்தைகளுக்கும் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர்களுக்கும்தான் அது முதலில் எட்டும்.

எங்கள் பழக்கம் சண்டையில் ஆரம்பித்தது. முதல் முறை வந்தபோது, கசிந்தால் என்ன செய்வது என்கிற அந்த அட்டை அவரிடம் இல்லை. மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தேன். அடுத்த முறை வரும்போது அட்டையை பிளாஸ்டிக் உறை போட்டு, கதவின் உள்பக்கம் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். "இனி என்னை நிறுத்த வேற காரணம் தேடணும் சாப்" என்றார். எனக்கு ஆளைப் பிடித்துப் போயிற்று. எங்கள் பேச்செல்லாம் ஹிந்திதான். இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தமிழாகவே நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

கொரோனா வந்தபோது, ஏப்ரலில், எனக்கும் வந்தது. மோதி பாக் அரசுக் குடியிருப்பில் பின்பக்க அறையில் இரண்டு வாரம் கிடந்தேன். ஒன்பதாம் நாள் என் மனைவி வாசலில் வைத்துவிட்டுப் போன ரசத்தை எடுத்தேன். வெந்நீர் என்று நினைத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒன்றுமே இல்லை. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கிறது, பத்து நாளில் வந்துவிடும் என்று மருத்துவர் போனில் சொன்னார். பத்து நாள் ஒரு மாதமாயிற்று, ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் என்னைக் கோப்புப் பிரிவில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. நாக் சாப்புக்கு மூக்கு இல்லை என்று அந்தச் சாலை முழுக்கச் சிரிக்குமே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. சம்பளம் குறையப் போவதில்லை, வீடு போகப் போவதில்லை. வெறும் வீம்புக்காகத்தான் மறைத்தேன். அதை ஒத்துக்கொள்வதற்கு எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

மறைப்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். வழக்கம் போலப் பத்தடி தள்ளி நின்று கண்ணை மூடி மூச்சிழுப்பேன். பிறகு கண்ணைத் திறந்து ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பேன். தொழிற்சாலையிலிருந்து நாலைந்து மணி நேரம் அந்தச் சரக்கோடு வருகிறவருக்குத் தெரியாமல் கசியுமா? அவர் முகம் தெளிவாக இருந்தால் என் "டீக் ஹை"யும் தெளிவாக வரும். முக்கியமாக அந்த ஹரியானாக்காரரின் முகம். அதைப் போல நிம்மதியான முகத்தை நான் பார்த்ததே இல்லை. நிறையக் கசிந்தால் கண் எரியும், தொண்டை அடைக்கும், அதற்கு மூக்கு தேவையில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்த அளவுக்குக் கசிகிறபோது எல்லாம் கைமீறியிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வருஷா வருஷம் ஓட்டுநர்களுக்கு வகுப்பெடுத்து அதைச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருந்த என் மனைவி படியிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். பால் பொங்கி வழிந்து, பாத்திரத்தின் அடி கருகி, அடுப்படி முழுக்கப் புகை. நான் நாலடி தூரத்தில், அடுப்புக்கு முதுகைக் காட்டி, விளையாட்டுச் செய்திப் பக்கத்தில் இருந்தேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"இன்னுமா வரல? வந்துருச்சுனுல்ல சொன்னீக?"

நான் செய்தித்தாளை மடித்தேன்.

"ஏங்க, ஆபீசுல சொல்லிப்புட்டீகளா இல்லியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ ஒன் வேலயப் பாரு."

"என் வேலய நான் பாக்கேன். பாலு பொங்குனா தொடச்சுக்கிருவேன். ஒங்க மூக்க நம்பி லாரி போகுதே, அத யாரு தொடைக்கிறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினைந்து வருஷ அனுபவம் என்று ஆரம்பித்துப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அன்றிலிருந்து வெளியே கிளம்பும்போதெல்லாம் கேஸ் ரெகுலேட்டரை அவளே மூடிவிட்டுத்தான் போனாள். தனியாக வீட்டில் விட்டுப்போகிற சின்னப் பிள்ளைக்குச் செய்வது மாதிரி. அது எனக்குச் சுருக்கென்று குத்தியது. அப்படியும் நான் திருந்தவில்லை.

அந்த வருஷம் எங்கள் சாவடிக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள், இளநிலை ஆய்வாளராக. இங்கேயே, டெல்லி மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. என்னுடைய பழைய மீட்டரை இழுப்பறையிலிருந்து வாங்கிக்கொண்டு, தினமும் சார்ஜ் போட்டு, இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். அம்மோனியாக் கரைசல் பாட்டில் ஒன்றும், நுனியில் துணி சுற்றிய குச்சி ஒன்றும் எந்நேரமும் தயாராக வைத்திருப்பாள். குளோரின் கசிகிற இடத்துக்குப் பக்கத்தில் அம்மோனியா நனைத்த துணியைக் காட்டினால் வெள்ளையாகப் புகை கிளம்பும். கண்ணாலேயே பார்த்துவிடலாம். பழைய முறை, நல்ல முறை. நான்தான் அதைச் செய்வதை விட்டு வருஷக்கணக்காயிற்று.

"கல்யாணத்துக்கு ஒட்டியாணம் மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்மா" என்று அவளுடைய மீட்டரைக் கேலி செய்வேன்.

"நான் ஒங்கள மாதிரி இல்ல ஸார். என் நாக் ஆர்டினரி நாக்" என்பாள்.

குளோரின் லாரிக்கு அவள் குச்சியை எடுத்தால் நான் தடுப்பேன். "வேண்டாம்மா, நான் பாத்துட்டேன். பின்னாடி வரிசை நிக்குது." அவளும் விட்டுவிடுவாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜனவரி மாதம். காலை பத்து மணிக்கும் பனி விலகாமல் எதிர்ச் சாலை விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. ஹரியானாக்காரர் வந்தார். ஆறு சிலிண்டர். காகிதங்களைப் பார்த்தேன், அட்டை ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன், பத்தடி தள்ளிப் போய்க் கண்ணை மூடி மூச்சிழுத்தேன். கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது. காகிதத்தில் முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டேன்.

அவர் கிளம்பவில்லை. இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினார். "மூத்த பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கெடச்சிருக்கு சாப். வீட்டுல பண்ணினது" என்று திறந்தார். குளிருக்கு அவர்கள் ஊரில் செய்கிற பிசின் லட்டு. கோதுமை மாவு, நெய், பாதாம், வறுத்த பிசின் எல்லாம் போட்டு உருட்டியது. எனக்கு வாசனைதான் கிடையாதே தவிர இனிப்பு தெரியும். ஒன்றைத் தின்று, "பிரமாதம்" என்று சொல்லி இரண்டாவதையும் எடுத்தேன். அவரும் ஒன்றை எடுத்துத் தின்றார்.

பின்னால் நின்ற பெட்ரோல் டாங்கரைச் சோதித்துவிட்டு அந்தப் பெண் வந்தாள். அவர் விஷயத்தைச் சொல்லி லட்டை நீட்டினார். "அரே வாஹ், முபாரக் பையா!" என்று வாழ்த்தி, வாங்கிக் கடித்தாள். கடித்த வேகத்தில் ஓரமாக ஓடிப்போய்த் துப்பினாள்.

"சீ! டீசல்! ஸார், இது பூரா டீசல் ஸ்மெல் ஸார்!"

ஓட்டுநர் திரும்பி லாரிக்குள் பார்த்தார். இருக்கைக்குப் பின்னால், டப்பா இருந்த இடத்துக்குப் பக்கத்தில், டீசல் கேன் ஒன்று சாய்ந்து கிடந்தது. கந்தல் துணி, போர்வை, எல்லாம் நனைந்திருந்தன.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். என் கையிலிருந்த பாதி லட்டைப் பார்த்தாள். அவர் மீசையில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்றாள். "ஸார், நீங்க ரெண்டு சாப்பிட்டீங்க."

நான் வாயைத் திறந்தேன். ஜலதோஷம் என்று ஒரு பொய் அங்கே தயாராக இருந்தது. அதை நான் சொல்லியிருப்பேன். இன்றைக்கு எவ்வளவு நல்லவனாக என்னைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டாலும், சொல்லியிருப்பேன் என்பதுதான் உண்மை.

அவர் முந்திக்கொண்டார். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"மேடம்ஜி, எனக்கு வாசனை தெரியாது. கொரோனா வந்ததிலிருந்து. எட்டு மாசம் ஆச்சு. முதலாளிகிட்ட சொல்லல. சொன்னா வண்டியப் பிடுங்கிடுவாங்க. நீங்க எழுதிக்கோங்க."

அவருக்கு என்னைப் போல அரசாங்கச் சம்பளம் கிடையாது. ஓய்வூதியம் கிடையாது. லாரியிலிருந்து இறங்கிவிட்டால் மறுநாள் என்ன செய்வதென்று தெரியாத ஆள். அவர் வாயைத் திறந்த பிறகு நான் எப்படி மூடிக்கொண்டிருப்பது?

"எனக்கும்தாம்மா" என்றேன், தமிழில். பிறகு அவருக்காக ஹிந்தியில் ஒருமுறை சொன்னேன்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் லாரியைத் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பெண் முதலில் அசைந்தாள். என் கையிலிருந்த முத்திரை குத்திய காகிதத்தை, கேட்கக்கூட இல்லை, உருவி எடுத்துக்கொண்டாள். ஓடிப்போய் வாயு முகமூடியை மாட்டிக்கொண்டு, ஓட்டுநருக்கும் ஒன்றைக் கொடுத்து, அம்மோனியாக் குச்சியை எடுத்து வந்தாள். சாவடிக் கொடி எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துவிட்டு, காற்று வரும் பக்கமாகப் போய்ப் பின்பலகையில் ஏறினாள். சிலிண்டர் முனையில் இரண்டு வால்வுகளை மூடியிருக்கிற இரும்புத் தொப்பியை ஒவ்வொன்றாக ஓட்டுநர் கழற்றிக் கொடுத்தார்.

முதல் சிலிண்டர், ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில் குச்சியைக் காட்டியதும் மெலிசாக, ஊதுபத்திப் புகை போல, வெள்ளையாக ஓர் இழை எழுந்தது. அடுத்த வினாடி அவள் இடுப்பிலிருந்த மீட்டர் கத்த ஆரம்பித்தது. மூன்று வருஷம் என் இழுப்பறையில் கிடந்த மீட்டர் அது. அதன் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே நடந்தது, அதில் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஓட்டுநர் ஆணியிலிருந்து அட்டையை எடுத்து அதிலிருந்த அவசர எண்ணுக்குப் போன் செய்தார். நான் போலீஸ்காரர்களை வைத்துச் சாலையை இருபக்கமும் அடைத்தேன். காற்று போகிற பக்கம் இருந்த கடைகளைக் காலி செய்ய வைத்தேன். பழம் விற்கிற ஒருவர் தள்ளுவண்டியை விட்டு வரமாட்டேன் என்றார். அவரை வண்டியோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனோம். அந்தப் பெண் ஓட்டுநரோடு சேர்ந்து தொப்பியை மறுபடி மாட்டிவிட்டு இறங்கி வந்து, யாரையும் கிட்டே விடாமல் மீட்டரும் கையுமாக நின்றாள். நாற்பது நிமிஷத்தில் குளோரின் நிறுவனத்தின் அவசரக் குழு மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு வந்து, வால்வின் கழுத்தில் தளர்ந்திருந்த நட்டை இறுக்கியது. மறுபடி குச்சியைக் காட்டினார்கள். புகை வரவில்லை. ஓர் இருமல்கூட யாருக்கும் இல்லை.

குழு வருகிற வரை நானும் ஓட்டுநரும் காற்று வரும் பக்கம், சாவடியை ஒட்டிய சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். அவர் துண்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"சாப், ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு மூக்கு போனதிலிருந்து ஒங்க ஷிஃப்ட் பாத்துத்தான் வண்டி எடுத்தேன். நீங்க மோந்து பாத்து டீக் ஹைன்னு சொன்னா எனக்கு உயிர் வரும். அதுக்கப்புறம் பயமில்லாம ஓட்டுவேன்."

அவர் முகத்தில் நான் பார்த்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவர் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் கையெழுத்தைப் பார்த்து முகத்தைத் தெளிவாக வைத்துக்கொண்டார். எட்டு மாதமாக, வாரம் இரண்டு முறை, ஆறு சிலிண்டர் குளோரினை இப்படித்தான் டெல்லிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தோம். நான் அவர் முகத்தைப் பார்த்ததைச் சொன்னேன். கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது, துடைத்துக்கொண்டேன்.

அந்த லாரி எங்கள் சாவடியைத் தாண்டினால் அடுத்த நாலைந்து கிலோமீட்டரும் கடைத்தெரு. இரண்டு பள்ளிக்கூடம். அதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலையே மேலதிகாரியின் அறைக்குப் போனேன். அதிகம் பேசாத, சிடுசிடுப்பான மனிதர். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை வண்டி?"

எனக்கு விடை தெரியவில்லை. இன்றும் தெரியாது. அந்த வண்டிகளெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன என்பது மட்டும் தெரியும். அது என் சாமர்த்தியம் இல்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் என்னை ஜன்னல் இல்லாத அந்த அறைக்குத்தான் அனுப்பினார், ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு. அதோடு ஒரு வேலையும் கொடுத்தார். சோதனைப் படிவத்தை நானே புதிதாக எழுத வேண்டும். அதற்காக ஓட்டுநர்களின் மருத்துவப் படிவத்தையும் வாங்கிப் புரட்டினேன். கண், காது, கை கால், எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. மூக்குக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஹரியானாக்காரர் எட்டு மாதம் பயந்து பயந்து மறைத்தது யாரும் அவரிடம் கேட்காத ஒன்று. அவருடைய முதலாளியிடம் அதை எடுத்துச் சொல்லி, வண்டியைப் பிடுங்க வேண்டாம் என்று கேட்க என் மேலதிகாரியே போன் செய்தார். எனக்கு அது தெரியாது, அந்தப் பெண்தான் பிற்பாடு சொன்னாள். சிடுசிடுப்பானவர் என்று எழுதினேன், எழுதியது இருக்கட்டும். ஆனால் நல்லவர்.

புதிய படிவத்தில் கசிவுப் பகுதியின் முதல் வரி நான் எழுதியது: சோதிப்பவர் தம் மூக்கை நம்பக் கூடாது. மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு கட்டம். குளோரின் என்றால் ஒவ்வொரு வால்வுக்கும் அம்மோனியா, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வரிசை எவ்வளவு நீளமானாலும் சரி. அதை எழுதிவிட்டு வீட்டில் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "இத நான் அன்னிக்கே சொன்னேன்ல, பாலு பொங்குன அன்னிக்கு" என்றாள். அன்று முதல் கேஸ் ரெகுலேட்டரை மறுபடி என் பொறுப்பில் விட்டாள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

ஆறு மாதம் கழித்துச் சாவடிக்குத் திரும்பினேன், இடுப்பில் மீட்டரோடு. "ஒட்டியாணம் நல்லா இருக்கு ஸார்" என்றாள் அந்தப் பெண். எனக்கு வேண்டியதுதான். அவள் அன்றைக்குத் துப்பியிருக்காவிட்டால், மரியாதைக்காக ஒரு வாய் விழுங்கியிருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். பெரியவர்கள் முன்னால் துப்பாதே என்று வளர்க்காத அவளுடைய அப்பா அம்மாவுக்கும் என் நன்றி உண்டு.

வாசனை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, முழுசாக இல்லை. முதலில் வந்தது பெருங்காயம். ஹரியானாக்காரருக்கு வரவே இல்லை. அவர் சட்டைப் பையில் இப்போது சின்னதாக ஓர் எச்சரிக்கைக் கருவி செருகியிருக்கிறது, நிறுவனம் கொடுத்தது. சாமி படத்துக்குப் பூப்போடும்போது அதற்கும் ஒரு பூ வைக்கிறார்.

இந்தக் குளிர்காலம் மறுபடி டப்பாவோடு இறங்கினார். இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆறு சிலிண்டரும் பார்த்து, பன்னிரண்டு வால்வுக்கும் அம்மோனியா காட்டி, முத்திரையும் குத்தி முடித்திருந்தோம். அவர் டப்பாவை என்னிடம் நீட்டவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்த் திறந்து, கைகட்டி நின்றார். அவள் குனிந்து மோந்து பார்த்தாள். மீட்டரையும் ஒருமுறை லட்டுக்கு மேல் காட்டினாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "டீக் ஹை" என்றாள்.

ஆளுக்கொன்று எடுத்தோம். அவர் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சாப், ஒங்களுக்குத்தான் கொஞ்சம் வந்துருச்சே. வாசனை எப்பிடி இருக்கு, சொல்லுங்க."

நான் கண்ணை மூடினேன். அவசரப்படாமல், ஒன்றுக்கு மூன்று முறை மூச்சிழுத்தேன். வந்தவரைக்கும் சொன்னேன். நெய் இருக்கிறது. ஏலக்காய் தூரத்தில் இருக்கிறது. பாதாம் எனக்குத் தெரியவில்லை. மாவு லேசாகக் கருகியிருக்கிறது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அது என் வீட்டுக்காரி சாப். முப்பது வருஷமா மாவக் கருக்காம அவளுக்கு வறுக்கத் தெரியாது" என்று சொல்லி, லட்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.